வாக்கி டாக்கி கைக்கு வந்ததும் முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள்

தேர்த் திருவிழாவுக்கோ மாரத்தான் ஓட்டத்துக்கோ தன்னார்வலராகப் போகிறீர்கள், காலையில் ஒருவர் வந்து கையில் ஒரு வாக்கி டாக்கியைத் திணித்துவிட்டு "சேனல் மூணு அண்ணே, பட்டனை அமுக்கிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார். அதுதான் மொத்தப் பயிற்சி. வாங்கியவர் முதலில் ஆன்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தூக்குவார். அப்புறம் போன் மாதிரி காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஆன்டெனா கண் பக்கமாகச் சாய்ந்திருக்க, அப்படியே பட்டனை அழுத்திப் பேச ஆரம்பிப்பார். இரண்டுமே தப்பு. இரண்டையும் திருத்த ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் ஒதுக்குவதில்லை.

நான் ஹாம் ரேடியோ ஆள், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவன். டாக்டர் இல்லை. இந்தச் செட்டுகளைப் பல வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் கொடுத்து வாங்கிப் பழகிய அனுபவத்தில் எழுதுகிறேன். மொபைல் போனைப் பற்றியும் நடுவில் வரும், ஏனென்றால் சமாசாரம் ஒன்றுதான். கையில் பிடிக்கிற ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், அதன் பக்கத்தில் உங்கள் உடம்பு, கொஞ்சம் தள்ளி வேறு யாருடைய கருவியோ.

முதலில், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

ரேடியோ அலை எக்ஸ்ரே மாதிரி கிடையாது. உடம்பின் செல்லுக்குள் இருக்கும் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறியும் அளவுக்கு அதற்குத் தெம்பு இல்லை. அது செய்வதாக உறுதியாகத் தெரிந்த காரியம் சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பு செய்யும் அதே வேலைதான், ஆனால் அடுப்பு பல நூறு வாட்டை ஒரு மூடிய இரும்புப் பெட்டிக்குள் கொட்டுகிறது, உங்கள் கையில் இருப்பது அதிகம் போனால் ஐந்து வாட், அதுவும் திறந்த வெளியில். அதனால் மூளை வெந்துவிடும் என்ற வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் ஓரமாக வையுங்கள். 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு ரேடியோ அலைகளை "புற்றுநோய் வரக் காரணமாக இருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் சேர்த்தது உண்மை. போதுமான சான்று இல்லை, ஆனால் கதவை அடைக்கவும் முடியாது என்பதுதான் அந்தப் பட்டியலுக்கு அர்த்தம். அதே நிறுவனம் கேட்டுக்கொண்டு செய்யப்பட்ட ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு 2024-ல் வந்தது, மொபைலில் பேசுவதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக அது காணவில்லை.

ஆனால் சூடு என்பதும் சும்மா விட்டுவிடும் விஷயமில்லை. உடம்பில் ரத்தம் ஓடும் இடமெல்லாம் சூட்டைத் தானே கடத்திவிடும். கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டம் கிடையாது, விதைப்பைக்கும் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. செட்டை எங்கே பிடிக்கிறோம், எங்கே மாட்டுகிறோம் என்று நான் நச்சரிப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, மனித உடம்பின் உயரமே ஒரு ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். சுமார் 30-லிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை உடம்பு அலையை நன்றாக உறிஞ்சுவதால், பாதுகாப்பு வரம்புகள் அந்த இடத்தில்தான் மிகக் கடுமையாக இருக்கும். நாங்கள் பேசும் 144–146 மெகாஹெர்ட்ஸ் சரியாக அதற்குள் வருகிறது.

எண் ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். மொபைல் தலைக்குள் செலுத்தும் சக்தியை 'சார்' (SAR) என்ற அளவில் சொல்வார்கள், இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவில் சராசரியாக எடுத்தது. *#07# என்று டயல் செய்தால் உங்கள் போனின் அளவு திரையில் வரும். தொழில்முறை வாக்கி டாக்கிகளோ பெரும்பாலும் இதைவிட ஐந்து மடங்கு அதிகமான, "பயிற்சி பெற்ற தொழிலாளர்களுக்கான" வரம்பின் கீழ் சோதிக்கப்படுகின்றன. அதாவது, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதைப் பயன்படுத்துவார் என்ற நம்பிக்கையில். அந்தத் தெரிந்தவராக உங்களை ஆக்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை. குழந்தைகளிடம் "ஹலோ ஹலோ" விளையாட ஐந்து வாட் செட்டைக் கொடுக்காதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

ஆன் செய்யும் முன்

செட்டில் ஆன்டெனா இருக்கிறதா, இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டெனா இல்லாமல் பட்டனை அழுத்தினால் வெளியே போக வேண்டிய சக்தி திரும்பி உள்ளே வந்து, கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரை எரித்துவிடலாம். அடுத்து அந்த ரப்பர் உறையைத் தடவிப் பாருங்கள். கிழிந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் அந்த ஆன்டெனா வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். டிரான்ஸ்மிட் ஆகும்போது அந்தக் கம்பி தோலில் பட்டால் ஊசியில் குத்தியது மாதிரி சுரீர் என்று சுடும், சின்னக் கொப்புளம் கூட வரும். எனக்குக் காது மடலில் வந்திருக்கிறது. டேப் சுற்றிச் சமாளித்த ஆன்டெனா அது, சுற்றியது நானேதான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

ஆன்டெனாவைக் கைப்பிடியாக நினைக்கக் கூடாது. பேசும்போது அதைக் கையால் பற்றினால் சிக்னலும் பாழ், கையும் சூடு. தூக்க வேண்டுமென்றால் செட்டின் உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

பேட்டரி வீங்கியிருந்தால் அந்தச் செட்டை ஒதுக்கிவிடுங்கள். உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை. செட்டுக்கு உரிய ஒப்புதல் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு வெளியே என்றால் ஹாம் லைசென்ஸோ நிறுவனங்களுக்கான லைசென்ஸோ வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஐந்து வாட் செட்டை வாங்கி எந்த அலைவரிசையிலும் பேசலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி விற்ற தளங்கள் மீது நடவடிக்கை எடுத்து, விற்பனைக்கு விதிமுறையும் கொண்டுவந்தது. போலீஸ் அலைவரிசையிலோ ஆம்புலன்ஸ் அலைவரிசையிலோ தெரியாமல் போய் விழுந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

பிடிக்கும் விதம்

செட்டை முகத்துக்கு நேரே, செங்குத்தாக, வாயிலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளிப் பிடியுங்கள். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மைக்கை விழுங்குகிற மாதிரி பக்கத்தில் வைத்தால் மூச்சுச் சத்தம்தான் எதிர்ப்பக்கம் கேட்கும், பேச்சு கேட்காது. செங்குத்தாக இருந்தால் ஆன்டெனா நெற்றிக்கு முன்னால் நேராக நிற்கும், கண்ணில் சாயாது. போதாததற்கு எதிர்ப்பக்க ஆன்டெனாவும் செங்குத்தாக இருப்பதால் சிக்னலும் நன்றாகப் போகும். பாதுகாப்பும் நல்ல சிக்னலும் ஒரே பிடியில் கிடைப்பது அபூர்வம், இங்கே கிடைக்கிறது.

கேட்பதற்குக் காதில் வைப்பது பரவாயில்லை, கேட்கும்போது செட் எதையும் வெளியே அனுப்புவதில்லை. பதில் சொல்லும்போது மட்டும் முகத்துக்கு முன்னால் கொண்டு வந்து, அப்புறம் பட்டனை அழுத்துங்கள். தேர் இழுக்கிற இடத்தில் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று சொல்வீர்கள், தெரியும். அதற்குத்தான் இயர்பீஸும் தோளில் குத்தும் மைக்கும் இருக்கின்றன. அப்படி மாட்டினால் செட் இடுப்பில் இருக்கும், ஆன்டெனா விலாவை ஒட்டி நிற்கும். செட்டோடு வந்த பெல்ட் கிளிப்பையே பயன்படுத்துங்கள், உடம்புக்கும் செட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடும்படி பார்த்துச் செய்திருப்பார்கள், சோதனையும் அந்தக் கிளிப்போடுதான் நடந்திருக்கும். பேன்ட் முன் பையில் செருகிக்கொண்டு தோள் மைக்கில் ஐந்து வாட்டில் பேசாதீர்கள். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

சட்டைப் பையில் செருகுவதும் எனக்குப் பிடிக்காது. ஆன்டெனா தாடையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

பவரையும் நேரத்தையும் குறைப்பது

புதியவர்கள் தொடவே தொடாத பட்டன் இது. பெரும்பாலான செட்டில் ஹை, லோ என்று இரண்டு அளவு இருக்கும். ஐந்து வாட்டை ஒரு வாட்டாகக் குறைத்தால் உடம்பில் படுவது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எதிரே கேட்பவருக்கோ சிக்னல் மீட்டரில் ஒரு படி போல இறங்கும், அவ்வளவுதான். கோயில் மதிலுக்குள், ஒரு பள்ளி மைதானத்துக்குள், ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ஒரு வாட் தாராளம். சரியாகக் கேட்கவில்லையா, பவரை ஏற்றுவதற்கு முன்னால் நான்கு படி ஏறி நின்று பாருங்கள், அல்லது கோபுரத்தின் மறைவிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். இந்த அலைவரிசைகளில் உயரமும் மறைப்பில்லாத பார்வையும்தான் வேலை செய்யும், வாட் அதற்கு அடுத்தபடிதான்.

வரம்புகள் எல்லாம் சராசரிக் கணக்கு. இந்த வரம்புகளை வகுக்கும் ஐசிஎன்ஐஆர்பி (ICNIRP) என்ற சர்வதேச அமைப்பு, உடம்பில் ஓர் இடத்தில் படும் சக்தியை ஆறு நிமிடத்துக்குச் சராசரியாக எடுக்கிறது. அப்படியானால் பேசும் நேரத்தைப் பாதியாக்கினால் பட்டதும் பாதிதான். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் பட்டனை அழுத்தாதீர்கள் என்று செட்டின் கையேடுகளில் போட்டிருப்பது இதனால்தான். திருவிழா வேலையில் யாரும் அவ்வளவு பேசுவதில்லை, ஒரு நிமிடத்துக்கு ஐந்து வினாடி பேசினாலே அதிகம். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்துவிட்டு அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே "அது வந்து... இங்க என்னன்னா..." என்று இழுக்காதீர்கள், அந்த நேரத்தில் வேறு யாரோ காணாமல் போன குழந்தையைப் பற்றிச் சொல்ல முடியாமல் காத்திருப்பார்.

செட்டின் மெனுவில் டைம் அவுட் டைமர் என்று ஒன்று இருக்கும். அதை அறுபது வினாடிக்கு வையுங்கள், அல்லது கொடுத்தவரை வைக்கச் சொல்லுங்கள். மைக்கின் மேல் உட்கார்ந்துவிட்டோ, பையில் பட்டன் அமுங்கியோ செட் தானாக ஒலிபரப்பிக்கொண்டே இருப்பது சாதாரணமாக நடக்கும். டைமர் இல்லையென்றால் செட் சுடும், பேட்டரி தீரும், மொத்தச் சேனலும் அடைபடும், கூடவே நீங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதெல்லாம் கமிட்டி முழுக்கக் கேட்கும்.

மொபைலில் இந்தப் பவர் விஷயம் தலைகீழ். நீங்கள் குறைக்க முடியாது, போன் தானாகவே குறைக்கும், ஏற்றும். டவர் நன்றாகக் கிடைத்தால் ரொம்பக் குறைவாகப் பேசும். லிஃப்டுக்குள், ரயிலில், ஒரு கட்டம்கூட வராத அடித்தளத்தில் தன் உச்சத்துக்கு ஏறிக் கத்தும். பழைய 2ஜி போனின் உச்சம் இரண்டு வாட், 4ஜி போனின் உச்சம் கால் வாட்டுக்கும் குறைவு. அதனால் சிக்னல் மோசமான இடத்தில் நீண்ட பேச்சைத் தள்ளிப் போடுங்கள், அல்லது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். போன் பின்னால் ஒட்டுகிற "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் வாங்க வேண்டாம். அது உண்மையிலேயே தடுத்தால் டவருக்குச் சிக்னல் போகாது, போன் இன்னும் பவரை ஏற்றும். தடுக்கவில்லை என்றால் காசு தண்டம்.

காரில் பெரிய செட் இருந்தால்

கையடக்கச் செட்டைப் பிடித்துப் பழகியவர்கள் அடுத்ததாகக் காரில் ஐம்பது வாட் செட் மாட்டுவார்கள். இங்கே கணக்கு மாறுகிறது. சாதாரண ஆன்டெனா ஒன்றிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், ஐந்து வாட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.65 வாட் வரும். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு இந்த அலைவரிசையில் 2 வாட். பிரச்சினை இல்லை. அதே இடத்தில் ஐம்பது வாட் என்றால் 6.5. வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் 1.6 ஆக இறங்கிவிடும், ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் அடர்த்தி நான்கில் ஒன்றாகும். ஆன்டெனாவுக்கு ரொம்பப் பக்கத்தில் இந்த வாய்ப்பாடு சரியாகப் பொருந்தாது, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 33 சென்டிமீட்டருக்குள் அலை இன்னும் அலையாகவே உருவாகியிருக்காது, அங்கே அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் வெளியே நிற்பவர்களுக்கு இது போதும். ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் மாட்டுங்கள். டிக்கி ஓரத்தில் மாட்டினால் பின்னால் சாய்ந்து நிற்பவரின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும். யாராவது காரைத் தொட்டு நின்றால் பேச்சை நிறுத்துங்கள்.

ஓட்டிக்கொண்டே பேச வேண்டாம். அலையைவிட அந்தத் தவறுதான் ஆளைக் கொல்லும்.

செட்டை அணைக்க வேண்டிய இடங்கள்

உங்கள் உடம்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் நடைமுறையில் நான் பார்த்த தொல்லைகளெல்லாம் பக்கத்தில் இருக்கும் மற்ற கருவிகளில் வந்தவைதான்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் குழுவில் இருக்கிறாரா என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள். மொபைல் என்றால் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், சட்டைப் பையில் கூடாது, பேசுவதும் எதிர்ப்பக்கக் காதில்தான். காந்தம் உள்ள புதுப் போன்களுக்கும் அதே தூரம், ஏனென்றால் காந்தம் பட்டால் பேஸ்மேக்கரின் செயல்பாடே மாறக்கூடும். ஐந்து வாட் செட்டுக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வேன், அதற்கு மேல் அவருடைய டாக்டரும் கருவியின் கையேடும் சொல்வதுதான் கணக்கு. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், "எனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, பத்து வருஷமா போன் பேசறேன்" என்றார். அவரை அன்னதான டோக்கன் கவுன்டருக்கு மாற்றினோம். கோபப்பட்டார், சாயங்காலம் சரியாகிவிட்டார்.

மருத்துவமனையில் ஐசியூ பக்கம் செட்டை அணைத்துவிடுங்கள். வார்டு நடுவே ஐந்து வாட்டில் பேசினால் மருந்து செலுத்தும் பம்ப், வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் குழம்பலாம். போனைவிட வாக்கி டாக்கி இங்கே ஆபத்து, சக்தி அதிகம், பட்டனை அழுத்திய கணமே முழு வீச்சில் போகும். வெளியே வந்து பேசுங்கள்.

கல் குவாரி, கிணறு வெட்டும் இடம், சாலைக்குப் பாறை உடைக்கும் இடம் இங்கெல்லாம் மின்சாரத்தில் வெடிக்கும் டெட்டனேட்டர் இருக்கலாம். அதன் ஒயரே ஆன்டெனாவாக மாறி, பக்கத்து டிரான்ஸ்மிட்டரின் சக்தியை வாங்கித் தானாக வெடிக்கக்கூடும். "ரேடியோவை அணைக்கவும்" என்று பலகை வைப்பது அலங்காரத்துக்கு இல்லை. பலகை இல்லாவிட்டாலும் வெடி வைக்கிறவரிடம் கேட்டுவிட்டுத்தான் செட்டைத் தொட வேண்டும். இந்தப் பட்டியலில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாத இடம் இதுதான்.

பெட்ரோல் பங்கில் போன் பேசியதால் தீப்பிடித்தது என்று வரும் கதைகளை நோண்டினால் பெரும்பாலும் உடம்பில் சேர்ந்த நிலை மின்சாரத்தில்தான் போய் முடியும். இருந்தாலும் அங்கே விதி விதிதான், அணையுங்கள். எரிவாயு, ரசாயன ஆலைகளுக்குள் அதற்கென்றே சான்று பெற்ற, தீப்பொறி எழாத வகைச் செட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். நம்முடைய திருவிழாச் செட் அந்த வகை இல்லை. அங்கே பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் கூடாது. விமானத்தில் போனுக்காவது ஏரோபிளேன் மோட் இருக்கிறது, வாக்கி டாக்கிக்கு அது கிடையாது, அணைத்துப் பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் மைக் செட். ஒரு தேரோட்டத்தில் ஒலிபெருக்கி மேடைக்குப் பக்கத்தில் நின்று நான் பட்டனை அழுத்தும்போதெல்லாம் நாதஸ்வரத்துக்கு நடுவே "ட்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. மைக் ஒயர்தான் ஆன்டெனாவாகி என் செட்டின் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குள் கொண்டுபோயிருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் ஆபரேட்டர் இரண்டு மணி நேரம் ஜாக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார் பாவம், எனக்கும் உறைக்கவில்லை. பத்தடி தள்ளி நின்று பவரைக் குறைத்ததும் நின்றுவிட்டது. தீ எச்சரிக்கைக் கருவி, காது கேட்கும் கருவி இவற்றிலும் இப்படி நடக்கும். எங்காவது காரணமில்லாமல் ஏதோ கத்தினால் முதலில் உங்கள் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

திரும்பக் கொடுக்கும்போது

இரவு முடிந்ததும் செட்டை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஆன்டெனா உறையை இன்னொரு முறை தடவிப் பார்த்து, கிழிசல் இருந்தால் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், சொல்லாமல் பெட்டியில் போட்டால் நாளைக்கு வேறு ஒருவர் காது சுடும். கொடுத்த செட்டும் வந்த செட்டும் எண்ணிக்கையில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால், மற்றொரு செட்டை ஆன் செய்து அதே சேனலில் "யாரிடம் இருக்கிறது?" என்று கூப்பிடுங்கள். எங்களுக்கு அது ஒரு முறை அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து பதில் சொன்னது, எங்கள் குரலிலேயே.